தண்டவாளத்தைப் போட்டது யார்?

யூனியில் படித்த எல்லா எஞ்சினியர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். பிரேக் பிடிக்காத டிராம் ஒன்று ஓடி வருகிறது. அதன் பாதையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், பக்கத்துத் தடத்தில் ஒருவர். நெம்புகோலை இழுத்தால் ஐவர் பிழைப்பார்கள், அந்த ஒருவர் சாவார். இழுப்பீர்களா? 1967-இல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொன்ன உதாரணம் இது. இன்றைக்கு நெறியியல் வகுப்பு என்றாலே இந்த டிராம்தான். எங்கள் வகுப்பிலும் லெக்சரர் கை தூக்கச் சொல்லி எண்ணினார். பெரும்பாலோர் இழுப்போம் என்றார்கள். அதோடு டுடோரியல் முடிந்தது, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தண்டவாளத்தை அப்படிப் போட்டது யார்? பிரேக்கைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? மனிதர்கள் நடமாடும் இடத்தில் வேலி ஏன் இல்லை? தத்துவ வாத்தியார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ‘அதெல்லாம் கேள்விக்கு வெளியே, நிபந்தனையை அப்படியே ஏத்துக்கணும்’ என்பார்கள். எஞ்சினியராகச் சம்பளம் வாங்கும் எனக்கு அந்த ‘வெளியே’தான் உறுத்துகிறது. நான் வேலை செய்வதே அங்கேதான்.

கற்பனை டிராமை விட்டுவிட்டு உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் மெமோரியல் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனை இருந்தது. 1926-இல் திறக்கப்பட்ட பழைய கட்டடம், உள்ளூர்க்காரர்கள் அதை ‘பாப்டிஸ்ட்’ என்றே கூப்பிடுவார்கள். புயல் வந்தால் அக்கம்பக்கத்து ஜனங்கள் அங்கே போய் ஒதுங்குவது வழக்கம். அன்றைக்கும் நோயாளிகள், ஊழியர்கள், குடும்பத்தார் என்று ஏறக்குறைய 2000 பேர் உள்ளே இருந்தார்கள்.

புயல் கடந்து போய்விட்டது. ‘தப்பிச்சோம்’ என்று மூச்சு விட்ட பிறகுதான் கால்வாய்ச் சுவர்கள் உடைந்து, நகரத்தில் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. செவ்வாய்க்கிழமை மருத்துவமனையைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஊர் மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தது. ஜெனரேட்டர்கள் ஓடின, ஆனால் அவை ஏர்கோனைத் தாங்கவில்லை. புதன்கிழமை அதிகாலை இரண்டு மணி வாக்கில் அவையும் நின்றன. சுவாசக் கருவிகள் சிறிது நேரம் பேட்டரியில் ஓடி அடங்கின. தாதியர் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். உள்ளே வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. குழாயில் நல்ல தண்ணீர் இல்லை, டாய்லெட் வேலை செய்யவில்லை, வெளியிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

லிஃப்ட் இல்லாததால் நோயாளிகளைப் படிக்கட்டில் இருட்டில் தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் மாடி எந்திர அறைச் சுவரில் ஒரு துளை, ஆள் படுத்தபடி நுழையும் அளவுக்கு இருந்தது. அதன் வழியாகக் கார் பார்க் கட்டடத்துக்குத் தள்ளி, வண்டியில் மேல்தளத்துக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபடியும் இரும்புப் படிகளில் தூக்கி ஹெலிகாப்டர் தளத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு நோயாளிக்கே பல பேருடைய உழைப்பு தேவைப்பட்டது. அதனால் வரிசை தேவைப்பட்டது. யார் முதலில்?

முதலில் பச்சிளங்குழந்தைகளும் தீவிர சிகிச்சை நோயாளிகளும் போனார்கள். பிறகு வரிசை தலைகீழானது. நடக்கக்கூடியவர்களுக்கு ஒன்று, கொஞ்சம் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு இரண்டு, மிகவும் நோயுற்றவர்களுக்கும் ‘டிஎன்ஆர்’ கையெழுத்திட்டவர்களுக்கும் மூன்று. மூன்று என்றால் கடைசி.

வியாழக்கிழமையும் படகுகளும் ஹெலிகாப்டர்களும் வந்துகொண்டிருந்தன. எல்லாரும் வெளியேறிய பிறகு, செப்டம்பர் 11 அன்று, கட்டடத்திலிருந்து 45 சடலங்கள் எடுக்கப்பட்டன. பல உடல்களில் மார்ஃபினும் மிடசோலம் என்ற மயக்க மருந்தும் இருந்தன. 2006 ஜூலையில் அன்னா பூ என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் இரண்டு தாதியரும் கைது செய்யப்பட்டார்கள். வலியையும் அவதியையும் குறைக்கத்தான் மருந்து கொடுத்தேன், கொல்ல அல்ல என்பது அவருடைய நிலை. 2007 ஜூலையில் கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. தாதியர்மீதும் வழக்கு நடக்கவில்லை. மருத்துவரும் பத்திரிகையாளருமான ஷெரி ஃபிங்க் இதைப் பல ஆண்டுகள் துருவி எழுதினார். 2010-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்த அறையில் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மருத்துவமனையின் மின் அமைப்பைப் பற்றி ஓரளவு பேச முடியும்.

ஜெனரேட்டர் உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஊர் மின்சாரம் போனதும் கட்டடத்தின் சுமையை ஜெனரேட்டர் பக்கம் திருப்பிவிட டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் என்ற ஒன்று வேண்டும். மெமோரியலில் அந்தச் சுவிட்சுகளில் சில தரையிலிருந்து ஒரு சில அடி உயரத்தில்தான் இருந்தன. இதைப் பராமரிப்புப் பிரிவினர் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். எழுத்திலும் இருந்தது. தூக்கி வைக்கப் பணம் ஆகும், பணம் ஒதுக்கப்படவில்லை.

2001-இல் ஹூஸ்டனில் ஆலிசன் புயல் மழை கொட்டியபோதும் இதேதான் நடந்தது. அடித்தளங்களில் இருந்த மின் சாதனங்கள் மூழ்கி, பெரிய மருத்துவமனைகள் இருண்டு, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஹூஸ்டன்காரர்கள் பாடம் கற்று வெள்ளக் கதவுகள் போட்டார்கள், சாதனங்களை மேலே ஏற்றினார்கள். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது அந்த மருத்துவ வளாகத்தின் பெரும்பாலான மருத்துவமனைகள் திறந்தே இருந்தன. ஹார்வியின்போது ஹூஸ்டன் டாக்டர்களுக்கு யாரை விடுவது என்ற கேள்வி ஏன் வரவில்லை? அவர்கள் நியூ ஆர்லியன்ஸ் டாக்டர்களைவிட நல்லவர்கள் என்பதாலா? கதவு நின்றது, அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மணப்பாக்கத்தில் அடையாறு ஒரு தனியார் மருத்துவமனைக்குள் புகுந்து ஜெனரேட்டர்களை நிறுத்தியது. அந்த நாள்களில் அங்கே தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. மின்சாரம் போனதுதான் காரணமா என்பதில் நிர்வாகத்துக்கும் குடும்பங்களுக்கும் தகராறு. தண்ணீர் எங்கே ஏறியது என்பதில் தகராறு இல்லை.

நான் கட்டடங்களுக்கு மின் அமைப்பு வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். ஜென்செட்டை எங்கே வைப்பது என்ற பேச்சு மீட்டிங்கில் பத்து நிமிஷம்கூட நீடிக்காது. மேலே வைத்தால் தளம் எடையைத் தாங்கணும், சத்தம் கேட்கும், டீசல் பைப் மேலே போகணும், வாடகைக்கு விடக்கூடிய இடம் குறையும். கீழே வைத்தால் மலிவு. வெள்ளத்தைப் பற்றிச் சொன்னால் யாராவது சிரித்துக்கொண்டே, “தம்பி, அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற வெள்ளம்லா. அதுக்கு யாரு காசு கொடுப்பா?” என்பார்.

நூறு வருஷ வெள்ளம் என்றால் நூறு வருஷம் காத்திருந்து வருவதில்லை. எந்த வருஷத்திலும் அது வர ஒரு சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். ஒரு கட்டடம் 30 வருஷம் நின்றால், அதற்குள் ஒரு தடவையாவது அது வர வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். 50 வருஷம் என்றால் கிட்டத்தட்ட 40. சீலிங் விழ 26 சதவீத வாய்ப்பு இருக்கிற வீட்டில் யாராவது பிள்ளையைத் தூங்க வைப்பார்களா?

அந்த மீட்டிங்கில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர்கள், நோயாளி என்றால் இரக்கப்படுகிறவர்கள். ஆனால் அந்த மேசையில் நோயாளி இல்லை. ஏர்கோன் அறையில் மதியம் இரண்டு மணிக்கு நாம் பேசி முடித்த விஷயம், பல வருஷம் கழித்து அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு தாதியின் கையில் வந்து விழுகிறது. கோர்ட்டுக்கும் அவர்தான் போகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்போ டாக்டர்கள்மேல் தப்பே இல்லை, எல்லாம் சிஸ்டத்தின் தப்பு’ என்று முடித்துவிடலாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அது சரிப்படாது. தண்டவாளத்தை யார் போட்டிருந்தாலும் நெம்புகோலில் கை வைத்திருப்பவர் ஒரு மனிதர், அவர் தேர்ந்தெடுக்கிறார். ஒரு பொறுப்பு இன்னொரு பொறுப்பைக் கழித்துவிடாது.

அந்த மூன்றாம் எண்ணையே எடுத்துக்கொள்வோம். டிஎன்ஆர் என்றால் என் இதயம் நின்றுபோனால் மறுபடியும் ஓட வைக்க முயலாதீர்கள் என்று நோயாளியோ குடும்பமோ தரும் சம்மதம். வெள்ளம் வந்தால் என்னைக் கடைசியில் எடுங்கள் என்று அவர்கள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை எடுத்து, அவர்களிடம் கேட்கவே படாத இன்னொரு கேள்விக்குப் பதிலாக வைத்தார்கள். அவசரத்தில் இது இயல்பாக வந்துவிடுகிறது, ஏனென்றால் ஃபைலில் தயாராக இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். இயல்பாக வந்ததால் அது நியாயமாகிவிடாது.

நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறையின் முன்னோடியாக நெப்போலியனின் படை மருத்துவர் லாரே என்பவரைச் சொல்வார்கள். பதவியையும் அந்தஸ்தையும் பார்க்காதே, காயம் மோசமானவனை முதலில் பார் என்பது அவருடைய விதி. மெமோரியலில் காயம் மோசமானவர் கடைசிக்குப் போனார். இதற்கும் ஒரு வாதம் உண்டு: பிழைக்கக்கூடியவர்களுக்கு உழைப்பைச் செலவழித்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள். இந்த வாதம் முட்டாள்தனமானதில்லை. ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உதவி இனிமேல் வராது, இருப்பது இவ்வளவுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அது அங்கே யாருக்கும் தெரியாது. வெளியே என்ன நடக்கிறது என்ற தகவலே இல்லை. பயத்தைத் தகவலாக எடுத்துக்கொண்டால் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

அதே நகரத்தில், அதே வெள்ளத்தில், சாரிட்டி மருத்துவமனையும் இருந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவமனை. அங்கேயும் மின்சாரம் போனது, நோயாளிகள் மெமோரியலைவிட அதிகம், உதவியும் தாமதமாகவே வந்தது. ஆனாலும் இறந்தவர்கள் மிகக் குறைவு. ஊழியர்கள் ஷிப்ட் முறையைக் கைவிடவில்லை. ஒருவர் வேலை பார்க்க, இன்னொருவர் தூங்கினார். மிகவும் நோயுற்றவர்களைக் கடைசிக்குத் தள்ளவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ‘வேறு வழியே இல்லை’ என்று யாராவது சொல்லும்போது சாரிட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. தூக்கம் ஒரு தார்மீகப் பிரச்சினை என்று எந்த நெறியியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மூன்று நாள் தூங்காதவர் எடுக்கும் முடிவு என்பதை நினைத்தால், அதுவும் அறத்தின் பகுதிதான் என்று தோன்றுகிறது.

மெமோரியலின் ஏழாம் மாடி இன்னொரு கதை. அந்த மாடியை வேறொரு கம்பெனி வாடகைக்கு எடுத்து, நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளை வைத்திருந்தது. ஆபத்து வந்தபோது அவர்களைக் காப்பாற்றும் திட்டம் யாருடையது, கட்டடக்காரருடையதா வாடகைக்காரருடையதா என்பதே குழப்பமாக இருந்தது. இறந்தவர்களில் பலர் அந்த மாடிக்காரர்கள். காண்ட்ராக்டில் விட்டுப்போன ஒரு வரி எவ்வளவு தூரம் போய் முடியும் என்று இதற்குமுன் நான் யோசித்ததில்லை.

சரி, எல்லாச் சுவிட்சையும் மேலே ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, என்ஒய்யூ லாங்கோன் மருத்துவமனை ஜெனரேட்டர்களை மேல்தளத்தில்தான் வைத்திருந்தது. எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. சுமார் 300 நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். தாதியர் கைக்குழந்தைகளை மார்போடு அணைத்து, கையால் மூச்சுக் கொடுத்தபடி ஒன்பது மாடி இறங்கினார்கள். பக்கத்து பெல்வியூ மருத்துவமனையில் ஆட்கள் வரிசையாக நின்று 13 மாடிக்கு எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். எஞ்சினியரால் டாக்டரின் கஷ்டத்தை முழுசாக இல்லாமல் ஆக்க முடியாது. குறைக்கத்தான் முடியும். மிச்சத்துக்கு, யாரை முதலில் எடுப்பது, யார் தீர்மானிப்பது, அந்தத் தீர்மானத்தை யாரிடம் மறுத்துப் பேசலாம் என்பதையெல்லாம் வெயில் அடிக்கும் நாளிலேயே ஊரறியப் பேசி வைத்திருக்க வேண்டும்.

கத்ரீனாவுக்குப் பிறகு லூசியானாவில் சில சட்டங்கள் வந்தன. பேரிடரில் பணிபுரியும் மருத்துவ ஊழியர்களுக்குப் பெரும்பாலான சிவில் வழக்குகளிலிருந்து பாதுகாப்பு. அந்தச் சட்டங்களுக்காக உழைத்தவர்களில் அன்னா பூவும் ஒருவர். டாக்டர் பயமில்லாமல் தங்கி வேலை செய்ய இது உதவும் என்பது நியாயம்தான். ஆனால் ஏழாம் மாடியில் தாயை விட்டுவிட்டு வந்த மகள் இந்தச் சட்டத்தை எப்படிப் படிப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாலை இரண்டு மணி முடிவுக்கு மன்னிப்பு முன்கூட்டியே எழுதப்பட்டாயிற்று. மதியம் இரண்டு மணி முடிவுக்கு யாரும் மன்னிப்பே கேட்கவில்லை, ஏனென்றால் அதை ஒரு முடிவாகவே யாரும் எண்ணவில்லை. அது டிராயிங்கில் ஒரு கோடு, பட்ஜெட்டில் அடித்துவிட்ட ஒரு வரி.

டிராம் கணக்கில் நீங்கள் நெம்புகோலை இழுப்பீர்களா என்பது எனக்கு இப்போது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் அந்த நெம்புகோலைத் தொடவே போவதில்லை. தண்டவாளம் போடும் வேலைதான் நமக்கு வாய்த்திருக்கிறது: ஆபீசில், சைட்டில், டெண்டர் பேப்பரில், காண்டோ நிர்வாகக் கூட்டத்தில். உங்கள் அப்பா அம்மாவை அட்மிட் செய்யும் மருத்துவமனையில் ஜென்செட் எந்தத் தளத்தில் இருக்கிறது, அதன் சுவிட்ச் எங்கே, டீசல் பம்ப் எங்கே என்று அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள். கவுன்ட்டரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.