பெருமாள் ஏன் தரையில் படுத்தார்?

கூலி நெசவில், தறி ஓடாத நாளுக்குக் காசு கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால் வரும் ஐயம்பேட்டையிலும் இதுதான் நடைமுறை. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஆகவே நாலைந்து தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்வர நினைத்தால், வேன் வாடகையும் மீன் வறுவலும் மட்டும் செலவல்ல. நெய்யாமல் விட்ட முழங்களும் செலவுக் கணக்கில் ஏறும்.

வீட்டில் கேள்வியும் வரும். "கோயிலுக்குப் போறேன்னா சரி, பீச்சுல என்ன இருக்கு?" தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் இதற்குப் பதிலைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். வழியில் திருக்கழுக்குன்றம், இறங்கியதும் தலசயனப் பெருமாள், அப்புறம்தான் கடல். பையில் கொஞ்சம் துளசியோடு வீடு திரும்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சும்மா இருப்பதற்குச் சாமியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அனுமதி தரவேண்டிய சாமியே அங்கே படுத்துக்கொண்டிருக்கிறார்.

அதுவும் ஒரே இடத்தில் அல்ல. கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே, தாய்ப்பாறையிலேயே செதுக்கிய திருமால் படுத்திருக்கிறார். ஊருக்குள், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயிலில் இன்னொருவர். குன்றின்மேல் மகிஷாசுரமர்த்தினி குகையில் மூன்றாமவர். அந்தக் குகையில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின்மேல் ஏறி வில்லை வளைக்கிறாள், எருமைத்தலை அசுரன் பின்வாங்குகிறான், கல்லே இரைகிறது. எதிர்ச்சுவரில் திருமால் அனந்தன்மேல் தூங்குகிறார். காலடியில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் கதையும் கையுமாக நிற்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போருக்கு நேர் எதிரே ஓய்வை வைத்த அந்தப் பல்லவச் சிற்பி எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு உழைப்பைக் கொட்டியிருக்கிறான்.

காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்குப் படுத்திருக்கும் பெருமாள் புதியவரல்ல. 40 ஆண்டு குளத்து நீருக்குள் இருந்துவிட்டு 2019இல் வெளியே வந்த அத்திவரதர், ஜூலை முழுவதும் படுத்த கோலத்திலேயே தரிசனம் தந்தார். நிற்கும் கோலம் ஆகஸ்டில்தான். ஆனால் மாமல்லபுரத்துத் தலசயனர் வழக்கமான கிடந்த கோலத்திலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபட்டவர். அவருக்குப் பாம்புப் படுக்கை இல்லை. வெறும் தரையில் படுத்திருக்கிறார்.

அதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் அழகானது. புண்டரீக முனிவர் தாமரைப் பூக்களோடு கடற்கரைக்கு வந்தார். பாற்கடலுக்குப் போய்ப் பெருமாள் பாதத்தில் பூவை வைக்கவேண்டும் என்பது ஆசை. வழியில் கடல். அதை இறைத்து வற்றவைத்துவிடுவது என்று முடிவுசெய்து கையாலேயே இறைக்கத் தொடங்கினார். அப்போது ஒரு கிழவர் வந்தார். பசிக்கிறது, சாப்பாடு கொண்டுவா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றார். முனிவர் சோறு வாங்கித் திரும்பிவந்து பார்த்தால், கிழவர் இருந்த இடத்தில் பெருமாள் தரையில் படுத்திருக்கிறார்.

பக்தியைச் சோதித்த கதை என்று இதைச் சொல்வது வழக்கம். வேறு மாதிரியும் பார்க்கலாம். முடியவே முடியாத ஒரு வேலையில் மூழ்கியிருக்கும் மனிதரிடம் கடவுள் வந்து, வேலையை விடு என்று உபதேசம் செய்யவில்லை. முதலில் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார். பிறகு தானே படுத்துக் காட்டினார். கடல் வற்றவில்லை, வற்றவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. முனிவர் உழைத்து முடித்ததற்குப் பரிசாக வந்த தரிசனம் அல்ல அது. பாதி வேலையில் வந்தது.

விவிலியத்தின் தொடக்க நூலில் கடவுள் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். முதலில் வேலை, பிறகு ஓய்வு. வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற வழக்கத்தின் பின்னால் அந்த வரிசைதான் இருக்கிறது. வைணவச் சித்திரத்தில் வரிசை தலைகீழ். பெருமாள் படுத்திருக்கிறார், அந்தக் கிடக்கையிலேயே உந்தியில் தாமரை எழுகிறது, அதில் பிரம்மா பிறக்கிறார், படைப்பு வேலை அதற்கப்புறம் தொடங்குகிறது. ஓய்வு இங்கே வேலைக்குக் கிடைத்த கூலி ஆகாது. வேலையே அதிலிருந்து முளைக்கிறது.

எல்லாம் நிரம்பப் பெற்றவன் எதற்காக உலகைப் படைக்கவேண்டும் என்ற கேள்வி பிரம்ம சூத்திரத்தில் வருகிறது. விளையாட்டாகத்தான் என்று அது பதில் சொல்கிறது. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ராமானுஜர் அதற்கு உரை எழுதும்போது ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். எந்தக் குறையும் இல்லாத பேரரசன் ஒருவன் பந்து விளையாடுகிறான். அதனால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை, ஆடுவதற்காகவே ஆடுகிறான் என்று. கனமான தத்துவ நூலுக்குள் ஒரு பந்து உருண்டு வருவதே மகிழ்ச்சி தருகிறது. மாமல்லபுரம் மணலில் ரப்பர் பந்தும் மட்டையுமாக நிற்கும் நண்பர் கூட்டம் தெரியாமலேயே அந்த உரைக்குள் புகுந்துவிடுகிறது.

ஆனால் ராமானுஜர் சொன்னது அரசனை. குறையில்லாதவன் விளையாடலாம், சரி. அடுத்த சேலைக்கு முன்பணம் வாங்கிவிட்டவன்?

தறிக்காரருக்குச் சும்மா இருக்கும் நாட்கள் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. கால் மிதிக்காது, நாடா ஓடாது. 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கியபோதும் பட்டுத் தறிகள் நின்றன. அந்த நாட்களை யாரும் ஓய்வு என்று சொல்லமாட்டார்கள். அதே கைகள், அதே சும்மா. மனசு மட்டும் கடன் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வின் தத்துவம் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போகக்கூடாது. வேண்டுமென்று நிறுத்திய தறியும் வேறு வழியில்லாமல் நின்ற தறியும் ஒன்றல்ல.

அன்றாடங்காய்ச்சிக்கும் விளையாட்டு உண்டு என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. மாசி மகத்துக்கு இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அந்தக் கடற்கரைக்கு வருகிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலி வேலை செய்கிறவர்கள் அவர்களில் பலர். கழிகளை நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். இரவு மணலிலேயே தூக்கம். விடியலில் மணலில் படி பிடித்துக் கன்னியம்மனுக்குப் பூசை. கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன அம்மனை வீட்டுக்கு அழைக்க வருவதாக நம்பிக்கை. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கின்றன. அதே நாளில் தலசயனரின் உற்சவரும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளுகிறார். அவர்களிடம் போய் இது விழாவா, விடுமுறையா என்று கேட்டால் சிரிப்பார்கள். கேள்வியே தவறு.

பெருமாளுக்கும் நண்பர்களோடு வெளியூர் போன அனுபவம் உண்டு. மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணன் காஞ்சியை விட்டு வெளியேற்றப்பட்டபோது, குருவான திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதும் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் பாலாற்றங்கரை ஓரிக்கை என்பார்கள். மன்னன் மன்னிப்புக் கேட்ட பிறகே திரும்பினார்கள். நண்பனுக்காக வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவது காஞ்சிச் சாமிக்கே தெரிந்த வழக்கம்.

ஆக, அனுமதி விஷயத்தில் சிக்கலில்லை. யாருக்கு அனுமதி என்பதில்தான் சிக்கல். காஞ்சிப் பட்டின் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. மறுபக்கக் கரையில் நாடா தள்ள இன்னொரு கை. பல வீடுகளில் அந்தக் கை மனைவியுடையது. கூலி சேலைக்குத்தான், இரண்டாவது கைக்குத் தனியாக யாரும் எண்ணித் தருவதில்லை. கணவர் நண்பர்களோடு கடலுக்குப் போனால் அவளுக்கும் தறி நிற்கிறது. அடுப்பு நிற்பதில்லை. குகையின் அனந்தசயனச் சிற்பத்திலும் திருமால் தூங்க, கீழே பூதேவி கைகூப்பி மண்டியிட்டிருக்கிறாள். தலசயனர் மட்டும் கொஞ்சம் தேவலை. அவர் காலடியில் இருப்பவர் புண்டரீக முனிவர்.

காணும் பொங்கலன்று இந்தக் கணக்கு சற்று மாறும். அன்று வேனில் பெண்களும் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். கடலில் இறங்கவிடாமல் போலீஸ் தடுப்புக் கட்டி நிற்கும். பரவாயில்லை என்று மணலில் வட்டமாக உட்கார்ந்து புளிசாதப் பாத்திரத்தைத் திறக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து அதைக் கிளறியது யார் என்று கேட்டால், விவாதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.