கட்டிய பூ

பக்கத்து வீட்டுக்காரர் பரங்கிப் பூவுக்கு நூல் கட்டுகிறார். மறுநாள் விரியப்போகும் மொக்கின் நுனியில் முந்தின சாயங்காலமே மஞ்சள் ஏறிவிடும். அடியில் பிஞ்சு இருந்தால் பெண்பூ. வெறும் காம்பு என்றால் ஆண்பூ. இரண்டையும் கட்டிவைத்து, காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்து, பெண்பூவுக்குள் மகரந்தத்தைத் தடவி மறுபடியும் கட்டிவிடுகிறார். தேனீ சுற்றிவிட்டுப் போகிறது. அவருடைய தாயார் வைத்திருந்த விதை, கலந்துவிடக் கூடாது.

இந்தக் காரியத்தில் எனக்கு மரியாதை உண்டு. 'தூய விதை' என்ற பேச்சில்தான் இல்லை.

தூய்மை அந்தக் கொடியின் சுபாவம் அல்ல. கட்டாமல் விட்டால் எந்த மகரந்தத்தையும் ஏற்கும். காயும் காட்டிக்கொடுக்காது, அயல் மகரந்தம் பட்டாலும் அது தாய்க்கொடியின் காய்தான். கலப்பு விதைக்குள் உட்கார்ந்திருந்து அடுத்த விதைப்பில்தான் வெளிப்படும். போகட்டும், அந்த விதைக்கு ஊர் எது? பரங்கி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492க்கு முன்னால் நம் கொல்லைகளில் அது கிடையாது. இன்று 'நாட்டுப் பரங்கி' என்கிறோம். யாரும் சிரிப்பதில்லை.

உண்மையான பரிசுத்தவாதி ஒட்டு விதை தயாரிக்கிறவன்தான். தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே சேர்த்து இறுக்கிய இரண்டு தூய வழிகள் இல்லாமல் அவனுக்கு வியாபாரமே இல்லை. அந்த ஒட்டில் விளைந்ததை விதைத்தாலோ குணங்கள் பிரிந்து சிதறும். மெண்டல் 1866இல் பிரசுரித்த பட்டாணிக் கணக்கு அதுதான். உருண்டையும் சுருக்கமும் சேர்ந்த முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்ததில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். மறைந்திருந்த பாட்டன் திரும்பி வருகிறான். நாட்டு ரகமோ உள்ளே கொஞ்சம் வேற்றுமையை வைத்துக்கொண்டே பிழைப்பது.

விதையை உவமையாக்கிக் குலம், ரத்தம், மொழி என்று எழுதுகிறவர்கள் ஒரு சாயங்காலம் நூலோடு அந்தக் கொடியருகே நிற்கலாம். (நம் விமர்சகர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.) ஆனால் 'எல்லாமே கலப்புதானே, விட்டுவிடு' என்று கை உதறுகிற கெட்டிக்காரத்தனமும் எனக்கு ஒப்பவில்லை. கட்டாவிட்டால் நாலைந்து வருஷத்தில் அந்தக் காயும் ருசியும் இருக்காது. தூய்மை நாம் செய்வதுதான் என்றால், செய்யாமல் விடுவதும் நாம் செய்வதே.

என் பக்கத்து மதில்மேல் கடையில் வாங்கிய ஒட்டுப் பரங்கி படர்ந்திருக்கிறது. அவர் நூல் கட்டுவதே அதற்காகத்தான் என்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அதைப் பிடுங்கச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் பூவைத்தான் கட்டுகிறார். கேட்காமலே பிடுங்கியிருக்க வேண்டுமா? இன்னும் பிடுங்கவில்லை. காய்க்கிறது.