வாதம் என்னும் வேள்வி

கீதையின் 10-ஆம் அத்தியாயத்தில் தன் விபூதிகளை எடுத்துரைக்கும் கண்ணபிரான், வாதிப்போரிடத்தில் வாதமாக இருப்பவன் தானே என்று அருளிச்செய்கிறான். பேச்சு மூவகைப்படும் என்பர் நியாய நூலார். உண்மையைக் காணும் நோக்கம் ஒன்றே கொண்டு இருவர் ஆராய்வது வாதம். எவ்வாறேனும் வெல்லவேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நாட்டாமல், பிறர் கொள்கையைக் குலைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம்மூன்றனுள் முதலாவதற்கே பகவானின் விபூதி என்னும் பெருமை உண்டு.

எதிராளியின் கூற்றை அவனே மெச்சும்படி எடுத்துரைத்த பின்னரே தன் சித்தாந்தத்தை நிறுவுதல் வைணவ ஆசாரியர்களின் மரபு. ஸ்ரீபாஷ்யத்தின் முதற்சூத்திர உரையில் உள்ள மஹாபூர்வபக்ஷம் இதற்குச் சான்று. மறுக்கப்போகும் மதத்தை ஸ்வாமி ராமாநுஜர் அங்கே குறைவின்றி, விரிவாக எடுத்துரைக்கிறார். இந்நெறி ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு விஞ்ஞானிகள் இருவர் ஏறக்குறைய முப்பதாண்டுகள் நடத்திய வாதம், அடியார்கள் அறிந்து மகிழத்தக்கது.

அவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். மற்றவர் டென்மார்க் நாட்டு நீல்ஸ் போஹ்ர். ஒளி நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. அதனினும் விரைந்து எச்செய்தியும் செல்லாது. தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகளுள் எது முந்தியது என்பதுகூடக் காண்போரின் இயக்கத்தைப் பொறுத்து மாறக்கூடும். இவை ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட சார்பியல் கொள்கையின் உயிர்நிலைகள். அணுவினும் நுண்ணிய பொருள்களை ஆராயும் குவாண்டம் இயலோ, ஒரு துகள் இப்படித்தான் நடக்கும் என்று அறுதியிடாமல், இன்ன அளவு வாய்ப்பு உண்டு என்றே கூறுகிறது. அவ்வியலுக்கு வித்திட்டவர்களுள் ஐன்ஸ்டைனும் ஒருவர். ஆயினும் அது முடிந்த முடிபாகாது என்பது அவருடைய கருத்து. அதற்குமேல் கேட்பதற்கு இயற்கையில் இடமில்லை என்பது போஹ்ரின் கருத்து.

1927-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஸால்வே மாநாட்டில் வாதம் தொடங்கிற்று. 1930-இல் அதே நகரில் மீண்டும் கூடியபோது ஐன்ஸ்டைன் ஒரு கற்பனைப் பெட்டியைச் சபைமுன் வைத்தார். பெட்டி நிறைய ஒளி. உள்ளே ஒரு கடிகாரம். குறித்த நேரத்தில் சிறுகதவு திறந்து ஒரேயோர் ஒளித்துகள் வெளியேறும். பெட்டியை முன்னும் பின்னும் நிறுத்தால் துகளின் ஆற்றல் தெரியும். கடிகாரத்தால் நேரமும் தெரியும். இவ்விரண்டையும் ஒருங்கே துல்லியமாக அறிய இயலாது என்ற குவாண்டம் விதி அப்போது என்னாவது? போஹ்ர் திகைத்தார், இரவெல்லாம் சிந்தித்தார். மறுநாட்காலை விடை கிடைத்தது. நிறுக்கும்போது பெட்டி சற்றே மேலும் கீழும் அசையும்; ஈர்ப்புப் புலத்தில் இடம் மாறும் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும். ஆகவே நேரத்தில் ஐயம் புகுந்தே தீரும். கடிகாரம் அவ்வாறு மாறும் என்று முன்னரே கூறியிருந்தவர் யார்? ஐன்ஸ்டைனேயன்றோ! அவருடைய பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டே அவருக்கு விடை கூறப்பட்டது.

ஐன்ஸ்டைன் சினந்து விலகினாரல்லர். கேள்வியை மேலும் ஆழப்படுத்தினார். 1935-இல் போடால்ஸ்கி, ரோஸன் என்னும் இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றாயிருந்து பிரிந்துபோன இரு துகள்களுள் ஒன்றை அளந்தால், தொலைவிலுள்ள மற்றொன்றின் தன்மையை அதைத் தொடாமலே உறுதியாகக் கூறலாம். அப்படியாயின் அத்தன்மை முன்னரே அதனிடம் இருந்திருக்கவேண்டும். அதைக் கூறாத குவாண்டம் இயல் நிறைவற்றது என்பது அக்கட்டுரையின் வாதம்.

இதனை ஓர் உவமையால் உணரலாம். ஒரு ஜோடிப் பாதுகைகளை இரு பெட்டிகளில் இட்டு, ஒன்றைத் திருவரங்கத்துக்கும் மற்றொன்றைப் பத்ரிக்கும் அனுப்பினால், திருவரங்கத்துப் பெட்டியைத் திறந்து வலக்கால் பாதுகையைக் கண்டவர், பத்ரியில் இருப்பது இடக்காலுடையது என்று அக்கணமே அறிவார். இதில் அதிசயம் ஏதுமில்லை; அனுப்பும்போதே அது நிச்சயமாகிவிட்டது. துகள்களும் இத்தகையனவே என்றார் ஐன்ஸ்டைன். துகள்களையும் அளக்கும் கருவிகளையும் பிரித்துப் பேசலாகாது. அமைப்பு முழுவதையும் ஒன்றாகவே கொள்ளவேண்டும் என்றார் போஹ்ர்.

1955-இல் ஐன்ஸ்டைனும் 1962-இல் போஹ்ரும் மறைந்தனர். 1964-இல் அயர்லாந்தில் பிறந்த ஜான் பெல் என்பார் இவ்வழக்கைச் சோதனையால் தீர்க்க வழி கண்டார். இரு முனைகளிலும் வெவ்வேறு கேள்விகளைத் தேர்ந்து துகள்களிடம் கேட்பதாகக் கொள்க. விடைகள் பாதுகைகளைப்போல் முன்னரே அமைந்து, ஒரு முனையில் நடப்பது மறுமுனையைத் தொடாதிருந்தால், அவ்விடைகளின் ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு. 1969-இல் சோதனைக்கேற்ப வகுக்கப்பட்ட வடிவில் அவ்வெல்லை 2. குவாண்டம் இயலின்படியோ அது சுமார் 2.83 வரை செல்லலாம்.

1972-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் கிளாஸரும், 1982-இல் பிரான்ஸில் ஆஸ்பேயும் அவருடைய குழுவினரும் சோதித்தனர். குவாண்டம் இயலே வென்றது. 2015-இல் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், பழைய ஐயங்களுக்கு இடமின்றி நடந்த சோதனையில் 2.42 என்ற அளவு கிடைத்தது. 2017-இல் சீனர்கள் செயற்கைக்கோள் வழியே 1,200 கிலோமீட்டர் தொலைவுக்கும் இதனை நிகழ்த்தினர். 2022-இல் கிளாஸர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அங்ஙனமாயின் சார்பியல் வீழ்ந்ததோ எனின், அன்று. ஒவ்வொரு முனையிலும் கிடைக்கும் விடை, தனியே நோக்கினால், ஒழுங்கற்றதாகவே இருக்கும். இரு முனைகளின் ஏடுகளையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிடும்போதே ஒற்றுமை புலப்படும். ஆதலால் இவ்வழியே ஒரு சொல்லையும் ஒளியினும் விரைவாக அனுப்ப இயலாது. 1928-இல் டிராக் என்பார் எலெக்ட்ரானுக்கு வகுத்த சமன்பாட்டில் இரு கொள்கைகளும் இணைந்து பயன் தந்ததும் நினைக்கத்தக்கது.

சட்டம் மீறப்படவில்லை, எனினும் பொருள் கூறுவதில் இடர்ப்பாடு உண்டு. எந்த முனை முதலில் அளக்கப்பட்டது என்பதே காண்போருக்கேற்ப மாறுமாயின், எது காரணம், எது காரியம்? 1952-இல் டேவிட் போம் கூறிய விளக்கம் துகள்களுக்கு எப்போதும் நிச்சயமான இடம் தருகிறது. ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவான, எவராலும் கண்டறிய இயலாத ஓர் 'இப்போது' அதற்குத் தேவைப்படுகிறது. 1957-இல் எவரெட் கூறியது சார்பியலோடு எளிதில் இயைவது. ஆனால் நிகழக்கூடிய விளைவுகள் யாவும் கிளைகளாக நிகழ்கின்றன என்று ஏற்கவேண்டும். 1986-இல் இத்தாலியர் மூவர் கூறியது துகளின் நிலை தானாகவே ஒடுங்கும் என்பது. அதன் முதல் வடிவம் சார்பியலுக்கு ஏற்ப அமையவில்லை. போஹ்ரின் வழி நடப்போர் அக்கேள்வியே பொருந்தாது என்பர். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. இவற்றுள் எது மெய் என்று இதுவரை எச்சோதனையும் தீர்க்கவில்லை.

இங்கே பக்தர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். எல்லாம் ஒன்றே என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றும், வேதாந்தத்துக்கு நோபல் பரிசு கிடைத்துவிட்டது என்றும் மேடைகளில் முழங்குவது எளிது. பிரஹ்மம் அனுமானத்தால் நிறுவப்படுவதன்று, சாஸ்திரம் ஒன்றாலேயே அறியப்படுவது என்று ஸ்ரீபாஷ்யம் வாதிட்டு நிலைநாட்டுகிறது. இன்றைய கருவியின் அளவைக் கொண்டு பரம்பொருளை நிலைநாட்டப் புகுவோர், நாளை அவ்வளவு மாறினால் எதைப் பற்றி நிற்பர்? துகளின் செய்தி துகளைப் பற்றியது. அதனை உள்ளவாறே அறிதல் படைத்தவனுக்குச் செய்யும் மரியாதை. அதன்மீது நம் விருப்பத்தை ஏற்றுதல் அதற்கும் குற்றம், சாஸ்திரத்துக்கும் குற்றம்.

விஞ்ஞானத்திடமிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று உண்டு. ஐன்ஸ்டைன் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் விடாது கேட்டிராவிடில் பெல்லின் வழியும் இல்லை, சோதனைகளும் இல்லை. தோற்ற பூர்வபக்ஷமே புதிய அறிவுக்குத் தாயாயிற்று. போஹ்ர் 1962 நவம்பர் 18-இல் உயிர்நீத்தார். முந்தைய மாலை அவர் தம் கரும்பலகையில் வரைந்திருந்த படம் எது தெரியுமோ? 1930-இல் ஐன்ஸ்டைன் காட்டிய அந்தப் பெட்டியே. எதிர்வாதம் செய்த நண்பர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னும், அவருடன் வாதம் முடியவில்லை.

இல்லத்திலும் சபையிலும் மாறுபட்டுப் பேசுபவரைப் பகைவர் என்று ஒதுக்குவோர் பலர். அவருடைய கூற்றை அவரினும் செவ்வையாக ஒருமுறை எடுத்துரைத்துவிட்டுப் பின்னர் மறுக்கப் பழகுவோமாயின், ஜல்பமும் விதண்டையும் தாமே நீங்கும். அத்தகைய வாதத்தில் தான் இருப்பதாகவன்றோ எம்பெருமான் அருளினான்!