விலைபோகாத தோழமை

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுக்களிலே தோழரின் அன்பு எண்ணால் அளக்கப்படுவதுண்டு. கனடாவின் பயோவெயர் நிறுவனம் உருவாக்க, 2009இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும். அதிலே தோழன் ஒருவனுக்குப் பரிசளித்தால் அவனது நல்லெண்ணம் இத்தனை புள்ளியென ஏறும். இது சந்தைக் கணக்கேயன்றி நட்பாகாது.

ஆயினும், அதே ஆக்கத்தில் வரும் அலிஸ்டர் என்னும் தோழன் இக்கணக்கை மீறுகின்றான். போர்க்களத்தில் மன்னனையும் அலிஸ்டரின் ஆசானையும் கைவிட்டுப் படையுடன் விலகி, அவர்கள் மாளக் காரணமானவன் லோகெயின் என்னும் தளபதி. பின்னர் தோல்வியுற்றுப் பணிந்த அவனை ஆடுபவர் மன்னித்துத் தம் அணியிற் சேர்ப்பாராயின், புள்ளிகள் எவ்வளவு உயர்ந்திருப்பினும் அலிஸ்டர் நீங்கிவிடுகின்றான். மன்னிப்பதற்கும் நியாயம் இல்லாமலில்லை. எதிர்நிற்கும் பெரும்போருக்கு வீரர் வேண்டும். ஆனால், மாண்டோர் சார்பில் மன்னிக்கும் உரிமையை ஆடுபவருக்கு யார் தந்தது? அலிஸ்டரின் செயலைச் சிறுபிள்ளைத்தனம் என்று இகழும் ரசிகர் உளர். நீங்கும் உரிமையற்றவன் தோழனல்லன், ஏவலாளே என்பதை அவர் எண்ணிலர்.

பிடித்த ஆக்கங்களை எழுதியோர் நிறுவனம் மாறும்போது ரசிகர் வருந்துவதும் இதனோடு ஒட்டிய செய்தியே. அலிஸ்டரைப் படைத்த டேவிட் கெய்டர் 2016இல் பயோவெயரை விட்டு நீங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவிலே சமர்ஃபோல் என்னும் நிறுவனத்தைப் பிறரோடு சேர்ந்து தொடங்கினார். அலிஸ்டரோ பழைய நிறுவனத்தின் உடைமையாக அங்கேயே தங்கிவிட்டான்.