கணிகருவியும் கணக்கின் நியாயமும்

பழைய விஞ்ஞானமுறைக் கணிகருவிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். வழக்கொழிந்த கருவியைச் சேர்ப்பதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்து அதன் விலைமதிப்பை எண்ணிக்கொண்டிருப்பவர் உடைமையாளர். கழற்றிப் பார்த்து அது எவ்வாறு கணித்தது என்று ஆராய்பவர் மாணவர். இவ்விருவரையும் வேறுபடுத்திக் காண்பது முதற்கடமை.

1972இல் அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் சட்டைப்பைக் கணிகருவியை 395 டொலருக்கு விற்றது. 1974இல் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் மிகக் குறைந்த விலைக்குத் தன் கருவியைக் கொணர்ந்தது. நான்கு அடிப்படைச் செய்கைகளுக்கென அமைந்த மலிவான சில்லில் 320 கட்டளைகளுக்கே இடமிருந்தது. மடக்கையும் திரிகோணகணிதமும் அதற்குள்ளேயே அடக்கப்பட்டன. பை முதலிய மாறிலிகளுக்கு இடமின்மையால் அவை கருவியின் முகப்பில் அச்சிடப்பட்டன. விடைகளோ மூன்று, நான்கு இலக்கங்களுக்கு மேல் நம்பத்தக்கவையல்ல.

சிலருக்குத் துல்லியமான விடையா, பலருக்கு அண்ணளவான விடையா? இதுவே நம் முன்னுள்ள ஒழுக்கப் பிரச்சினை.

துல்லியமே மேல் என்போர் ஒன்றை மறக்கின்றனர். விலையுயர்ந்த எச்.பி.-35இன் முதற் கருவிகளும் பிழைத்தன. 2.02இன் இயற்கை மடக்கையைக் கண்டு, அதிலிருந்து மீண்டும் எண்ணைப் பெற்றால் 2.02 வரவேண்டும், வந்ததோ 2. நிறுவனம் பிழையை அறிவித்துக் கருவிகளை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. ஆயினும், அப்பிழையைக் காண்பதற்கு விடை என்னவாயிருக்க வேண்டும் என்று முன்னரே அறிந்த மனிதர் தேவைப்பட்டார். எனவே அண்ணளவு குற்றமன்று. அண்ணளவை அண்ணளவென்று சொல்லாமையே குற்றம்.

இதனைக் கல்முனைப் பகுதியில் விரித்துரைக்கத் தேவையில்லை. சூடு மிதிக்கும் களவெட்டியாயினும் மருதமுனைத் தறியடியாயினும், பிறர் சொன்ன தொகையை மட்டும் கேட்டுக்கொள்பவன் கூலியில் ஏமாற நேரும். தானே கூட்டிப் பார்ப்பவன் கேள்வி கேட்பான்.

நம் பாடசாலைகளில் மடக்கை அட்டவணை இன்றும் கற்பிக்கப்படுகின்றது. மாணவன் கையிலுள்ள தொலைபேசியோ பத்து இலக்க விடையைத் தருகின்றது, வழியைக் காட்டுவதில்லை. ஆகவே, பழைய கணிகருவி ஒன்று கிடைத்தால் ஆசிரியர் அதனை அலுமாரியில் பூட்ட வேண்டாம். மாணவரிடம் கொடுக்கட்டும். அட்டவணையோடு ஒப்பிட்டு, அது எங்கே பிழைக்கின்றது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். விடையைச் சோதிக்கப் பழகியவர் நாளை சம்பளச் சீட்டையும் நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தையும் சோதிக்கத் தயங்கார்.