அடிக்கடி திருத்தப்பட்டவை

நிறைய தடவை ரிப்பேருக்குப் போன வண்டியை யாரும் நம்புவதில்லை. போகவே போகாத வண்டி நல்ல வண்டி. ஆனால் அது நிஜமாகவே நல்லா ஓடுகிறதா, இல்லை யாரும் திறந்தே பார்க்கவில்லையா? மென்பொருளில் பிழை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வரும்.

2011இல் கூகுள் பொறியாளர்கள் விவரித்த முறை ரொம்ப எளிமையானது. ஒரு கோப்பில் எத்தனை முறை பிழை திருத்தப்பட்டது என்று எண்ண வேண்டும். சமீபத்திய திருத்தத்துக்கு எடை அதிகம், பழசுக்குக் குறைவு. மதிப்பெண் கூடிய கோப்புகளுக்கு ஒரு எச்சரிக்கைக் கொடி. 2013இல் வெளியான ஆய்வில் பார்த்தால், நிரலாளர்கள் வேலை செய்யும் விதத்தில் அந்தக் கொடியால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. சரி, இப்ப நான் என்ன பண்ணணும் என்று கேட்டால் கொடியிடம் பதில் கிடையாது. அதைவிட வினோதம், பிழையைத் திருத்தத் திருத்த மதிப்பெண் ஏறும். கொடி இறங்க வேண்டுமென்றால் திருத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். தன்னைச் சரிசெய்ய விட்டதற்காகவே ஒரு கோப்பு சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

எதிர்ப்பக்கத்தில் ஹார்ட்பிளீட் இருக்கிறது. 2011 கடைசியில் ஓபன்எஸ்எஸ்எல்லில் சேர்ந்த ஒரு சின்னத் தவறு அது. எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பி, நினைவகத்தில் இருப்பதை 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. 2014 ஏப்ரலில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை எந்தப் பதிவேட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிழைப் பட்டியல் என்பது பிழை கிடைத்த இடங்களின் பட்டியல் மட்டும்தானே.

கோப்புக்கு வலிக்காது, விடுங்கள். ஆனால் கோப்பை எழுதினவர் ஒரு ஆள். 2008இல் நாச்சியப்பன் நாகப்பன், பிரெண்டன் மர்ஃபி, விக்டர் பாசிலி மூவரும் விண்டோஸ் விஸ்டாவை ஆராய்ந்தார்கள். நிரலின் சிக்கலை அளப்பதைவிட, அதைத் தொட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பொறுப்பு எத்தனை குழுக்களில் சிதறிக் கிடக்கிறது என்று பார்ப்பது நன்றாகக் கணித்தது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது, கொஞ்சம் பயமுறுத்துவதும் இதுதான். நிர்வாகம் இதைப் படித்துவிட்டு, ஆட்களை இப்படிப் பந்தாடுகிறோமே என்று யோசிக்கலாம். யார் தொட்டது என்று பெயர் தேடவும் செய்யலாம்.

இரண்டாவது வழியை நான் ஒரு அலுவலகத்தில் கண்ணால் பார்த்தேன். யார் பெயரில் எத்தனை பக் என்று வாராந்திரக் கூட்டத்தில் திரையில் காட்ட ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் ‘பிழை திருத்தம்’ என்ற குறிப்புகள் குறைந்து, ‘சிறு மாற்றம்’ பெருகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, மாற்றம் சிறியதுதான். ஆனால் கணிப்பு உயிர்வாழ்வதே அந்தக் குறிப்புகளில்தான். தண்டிக்கத் தொடங்கின அன்றே அதன் பார்வை மங்க ஆரம்பிக்கிறது.

கணிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சோதிக்கிறவர்களின் நேரம் குறைவு, எங்கேயாவது தொடங்கித்தானே ஆக வேண்டும். கொடி ஏறின கோப்புக்கு இன்னொரு ஆளைத் துணைக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஒரு பங்கை, சீட்டுக் குலுக்கியாவது, பட்டியலில் வராத கோப்புகளுக்கும் ஒதுக்குங்கள். பல நாள் அங்கே ஒன்றும் சிக்காது. மேனேஜர் முகம் சுளிப்பார்தான்.