அணுவாயுதந் துறத்தலும் நாட்டின் சுதந்தரமும்

ஒரு நாடு தன்னுரிமை பெறுங்காலத்துத் தன்கண் உள்ள கொடும்படைக்கலத்தைத் துறத்தல் அறிவுடைமையோ பேதைமையோ என்னும் வினா, உக்ரைன் நாட்டிற்கு நேர்ந்ததை நோக்குவார் உள்ளத்தில் எழாதிராது.

அந்நாட்டார் 1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்த துன்பத்தை நுகர்ந்தவர். 1990 சூலை 16-இல் தம் இறைமையை அறிவித்த உரையிலேயே, அணுவாயுதத்தை ஏற்றலும் ஆக்கலும் ஈட்டலும் செய்யோம் என உறுதி கூறினர். 1991-இல் சோவியத்து ஒன்றியம் குலைந்தபொழுது 1,700-க்கு மேற்பட்ட நெடுந்தூர அணுகுண்டுகள் அவர் மண்ணில் எஞ்சின. 1994 திசம்பர் 5-இல் புடாபெஸ்ட் நகரில் ருஷியா, அமெரிக்கா, பிரிட்டன் என்னும் மூன்றும் அந்நாட்டின் சுதந்தரத்தையும் எல்லைகளையும் மதிப்பதாகக் கைச்சாத்திட்டன. 1996 சூன் மாதத்துள் குண்டுகள் யாவும் ருஷியா சென்று சேர்ந்தன. அந்த ருஷியாவே 2014-இல் கிரிமியாவைக் கவர்ந்து, 2022 பிப்ரவரி 24-இல் பெரும்படையொடு புகுந்தது. ஆகலின் துறந்ததே தவறென்பர் ஒரு சாரார். எளிதில் ஒதுக்கற்பால கூற்றன்று இது.

உயிர் ஒன்றைச் சாராது நில்லாது, சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். எனவே சுதந்தரமாவது சார்பின்மையன்று. சார்வது யாது என்பதே ஆராய்தற்குரியது. (நாட்டிற்கு உயிரை உவமித்தல் ஒருபுடை யுவமையே யென்க.) அக்குண்டுகளைச் சார்ந்திருப்பின் உக்ரைன் யாரைச் சார்ந்ததாகும்? அவற்றை ஏவும் மறைக்குறி மாஸ்கோவில் இருந்தது. பழுது பார்த்துப் புதுக்கும் தொழிற்சாலைகளும் ருஷியாவினவே. அவற்றை வைத்திருத்தல், எவரினின்றும் நீங்க விழைந்தனரோ அவர் கயிற்றையே மீளப் பற்றுதலாம். நாளடைவில் அக்கயிற்றை அறுத்துக் குண்டுகளைத் தமவாக்கியிருக்கலாமே யெனின், கூடும். ஆயின் பல்லாயிரவரை ஒருங்கே எரிப்பேம் என்னும் எண்ணத்தை நாடோறும் அடைகாத்தல் வேண்டும். மனத்தால் ஆவதும் வினையென்று கொள்ளும் நாம் அதனைச் சிறிதென்றல் எங்ஙனம்?

இனி, குறை நேர்ந்தது துறவின்கண் அன்று. துறந்தபின் பற்றிய துணையின்கண்ணேயாம். புடாபெஸ்ட் ஏட்டில் ‘மதிப்போம்’ என்பது உண்டு. ‘படையொடு வந்து காப்போம்’ என்பது இல்லை. எழுதினார் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர்.

இவ்விடத்து ஒன்று கூறாதமைதல் ஆகாது. அம்மக்கள் படுந்துயர் அவர்தம் முன்வினைப் பயனென்று நம்மவருள் ஒருவர் எளிதாகச் சொல்லக் கேட்டு வருந்தினோம். பிராரத்தம் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குக் கொள்ளும் துணிபு. பிறன் செய்த தீங்கை மறைத்தற்குப் போர்க்குந் திரையன்று. கைச்சாத்திட்ட சொல்லைத் தாண்டிப் படை செலுத்தினார்க்கு அஃது ஆகாமியமாய் ஏறுதலை எவர் மறுப்பார்?

துறந்தது தக்கதே யென்பதே எம் துணிபு. எனினும், எறிபடையால் மனையும் மக்களும் இழந்தார் முன் நின்று அதனை யுரைக்க எமக்கு நாவெழவில்லை.